அந்த டாக்டரின் முகவரியை நான் ஏன் தரவில்லை

அன்புள்ள மதினிக்கு,

இதை முதலில் உங்களுக்கு மட்டும்தான் அனுப்பினேன். நீங்களும் உங்கள் மகளும் என் மகனும் படித்து, "போடுங்க, பேரும் ஊரும் மட்டும் வேண்டாம்" என்று சொன்ன பிறகுதான் இங்கே போடுகிறேன்.

செவ்வாய்க்கிழமை ராத்திரி போனில் நீங்கள் கேட்டது ஒன்றே ஒன்று. "அன்னைக்கு உங்க பையனை ஒரு டாக்டர்ட்ட கூட்டிட்டுப் போனீகளே, அவரு அட்ரஸ் இருக்கா?" பார்த்துச் சொல்கிறேன் என்று வைத்துவிட்டேன். பார்ப்பதற்கு ஒன்றுமில்லை. ரேஷன் கார்டு இருக்கிற அதே பிளாஸ்டிக் கவரில் அந்த மருந்துச் சீட்டு பத்து வருஷமாகக் கிடக்கிறது. ஆனால் தர மாட்டேன். காரணத்தை வாயால் சொல்லத் தெம்பு வரவில்லை, அதனால் எழுதுகிறேன்.

ஒரே வளவில் பதினொரு வருஷம் இருந்தோம். அப்போது உங்களிடம் "அவனுக்குத் தூக்கம் வரல, அதான் டாக்டர்" என்று சொன்னேன். அது பொய். 2015 சித்திரையில், நான் மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தபோது வந்து சொன்னான். "அம்மா, எனக்குப் பொண்ணுங்க மேல ஆசை வரல. வராது. பசங்களைத்தான் பிடிக்குது." கையில் பிழிந்த துண்டோடு நின்றேன். என் வாயிலிருந்து வந்த முதல் வார்த்தை, "யாரு உனக்கு இதைச் சொல்லிக் குடுத்தது?"

அவனுக்கு அப்போது இருபத்திரண்டு வயது. எத்தனை நாள் ஒத்திகை பார்த்துவிட்டு மாடி ஏறியிருப்பான் என்று இப்போது நினைத்தால் வயிற்றைப் பிசைகிறது. மூன்று வருஷமாக யோசித்தானாம். பின்னாளில்தான் சொன்னான்.

அடுத்த வாரமே டாக்டர். "மூணு மாசத்துல சரி பண்ணிடலாம்மா" என்றார். காலையில் ஒன்று, ராத்திரி இரண்டு. முப்பது வருஷம் சத்துணவுக் கூடத்தில் சோறு போட்டவள் நான். மிச்சம் வைத்த தட்டைப் பார்த்தே எந்தப் பிள்ளைக்கு உடம்பு சரியில்லை என்று கண்டுபிடித்துவிடுவேன். என் வீட்டுத் தட்டு மட்டும் என் கண்ணில் படவில்லை. நாற்பதாவது நாள் இருக்கும். காபி டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு குடித்தான். கை நடுங்கி, டம்ளர் விளிம்பு பல்லில் தட்டித் தட்டிச் சத்தம் கேட்டது. அடுப்படியில் நின்று அந்தச் சத்தத்தைக் கேட்டேன். கேட்டும், அன்று ராத்திரி மாத்திரையை உரித்துக் கொடுத்தேன். நாலு மாதம் கொடுத்தேன், மதினி. அதன் பிறகு அவன் பெங்களூருக்கு வேலைக்குப் போனான். போகப் போக, இரண்டு தீபாவளிக்கு வீட்டுக்கே வரவில்லை. நீங்கள் கேட்டபோதெல்லாம் "லீவு கிடைக்கல" என்றேனே, அதுவும் பொய்.

ஆணுக்கு ஆண் மேலும் பெண்ணுக்குப் பெண் மேலும் வரும் ஆசைக்குத் தன்பாலீர்ப்பு என்று பேர். உலக சுகாதார நிறுவனம் அதை நோய்ப் பட்டியலிலிருந்து எடுத்தது 1990 மே 17-ல். என் மகன் பிறந்ததே 1993-ல்தான். அவன் பிறப்பதற்கு முன்பே நோய் இல்லை என்று ஆகிவிட்ட ஒன்றுக்குத்தான் இருபத்தைந்து வருஷம் கழித்து மாத்திரை வாங்கிக் கொடுத்திருக்கிறேன். 2018-ல் இந்திய மனநல மருத்துவர் சங்கமே இது நோய் இல்லை என்று சொல்லிவிட்டது. மாற்றிவிடுகிறேன் என்று ஒரு டாக்டர் சிகிச்சை கொடுத்தால் அது டாக்டர் தொழிலின் ஒழுங்கை மீறிய தவறு என்று 2022-ல் தேசிய மருத்துவ ஆணையம் அறிவித்தது. நீங்கள் கேட்ட முகவரியில் இன்றைக்கு நடந்தால் அது அந்தத் தவறுதான். தெரியாமல் செய்தேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்ட சமாதானம்கூட உங்களுக்கு இனி இருக்காது, நான்தான் இப்போது சொல்லிவிட்டேனே.

எனக்குக் கண் திறந்தது 2021 ஜூனில். மதுரையைச் சேர்ந்த இரண்டு பெண்கள், ஒருத்தியை ஒருத்தி விரும்பி, வீட்டுக்குப் பயந்து சென்னைக்குப் போனார்கள். பெற்றவர்கள் காணவில்லை என்று போலீசில் புகார் கொடுக்க, பிள்ளைகள் பாதுகாப்புக் கேட்டு உயர் நீதிமன்றத்துக்குப் போனார்கள். வழக்கைக் கேட்ட நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ், தனக்கே இது பற்றிச் சரியான புரிதல் இல்லை என்று வெளிப்படையாக ஒத்துக்கொண்டு, ஒரு உளவியலாளரிடம் உட்கார்ந்து கேட்டுத் தெரிந்துகொண்டு பிறகு தீர்ப்பு எழுதினார். இப்படிப்பட்டவர்களை 'மாற்றும்' சிகிச்சை எதையும் செய்யக் கூடாது என்று அதில் தடை போட்டார். பேப்பரில் படித்துவிட்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். அவ்வளவு படித்தவர், எனக்குத் தெரியவில்லை, சொல்லிக் கொடுங்கள் என்கிறார். நான் என் பிள்ளையிடம் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை, "யார் சொல்லிக் கொடுத்தது" என்பதைத் தவிர.

அன்று சாயங்காலம் அவனுக்குப் போன் போட்டேன். "மாத்திரை குடுத்தது தப்புய்யா" என்றேன். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. "சரிம்மா" என்றான். பிறகு அரிசி என்ன விலை என்று கேட்டான். அவ்வளவுதான் நடந்தது. கட்டிப்பிடித்து அழவெல்லாம் இல்லை. ஆனால் அந்த வருஷம் தீபாவளிக்கு வந்தான்.

இப்போது உங்கள் மகள் விஷயத்துக்கு வருகிறேன். போனில் "அவ ஆம்பளையா மாறப் போறாளாம்" என்று அழுதீர்கள். அவள் சொன்ன வார்த்தையை அப்படியே சொல்லுங்கள் என்று கேட்டேன். "எனக்குப் பொண்ணுங்களைத்தான் பிடிக்கும்னு சொன்னா" என்றீர்கள். மதினி, இது இரண்டும் வேறு வேறு. தன்னை ஆண் என்றோ பெண் என்றோ இரண்டுமில்லை என்றோ ஒருவர் உள்ளுக்குள் உணர்வது பாலின அடையாளம். யார் மேல் ஆசை வருகிறது என்பது பாலீர்ப்பு. பெண்ணாகப் பிறந்தவள் என்று எல்லோரும் நினைத்த பிள்ளை, நான் ஆண் என்று உணர்ந்தால் அவர் திருநம்பி. உங்கள் மகள் அப்படிச் சொல்லவில்லை. அவள் பெண், பெண்களை விரும்புகிறவள். நாளைக்கே அவள் வேறு மாதிரி சொன்னால், அப்போதும் அவள் சொல்வதுதான் கணக்கு. ஒருவர் தன்னை என்னவாக உணர்கிறார் என்பதை அவரேதான் சொல்ல முடியும் என்று 2014-லேயே உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. இந்தக் குழப்பம் உங்களுக்கு மட்டும் வந்ததில்லை. என் மகன் சொன்ன அன்றைக்கு ராத்திரி எழுந்து, பீரோவில் என் சேலை மடிப்பு கலைந்திருக்கிறதா என்று தடவிப் பார்த்தேன். அவன் சொன்னதற்கும் சேலைக்கும் என்ன சம்பந்தம்?

நமக்குத் தெரிந்ததெல்லாம் வசவுச் சொற்கள்தான், அதுவும் ஒரு காரணம். மரியாதையாகச் சொல்ல ஒரு வார்த்தை இல்லாமல் எதை யோசிப்பது? 2022-ல் தமிழ்நாடு அரசே இதற்கெல்லாம் தமிழ்ச் சொற்கள் தொகுத்து அரசிதழில் வெளியிட்டது. அதுவும் அந்த மதுரைப் பிள்ளைகளின் வழக்கில் பிறந்ததுதான்.

அவள் போனைப் பிடுங்கி வைத்திருப்பதாகச் சொன்னீர்கள். மந்திரிக்க ஆள் பார்த்திருப்பதாகவும் சொன்னீர்கள். 2025 மே மாதம் வேலூர்ப் பக்கத்து வழக்கு ஒன்று வந்தது. இருபத்தைந்து வயதுப் பெண்ணை வீட்டில் அடைத்து, அடித்து, 'சரியாக்க' சடங்கெல்லாம் செய்திருக்கிறார்கள். நீதிமன்றத்தில் அவளே வந்து சொன்னாள். அவள் விரும்பியவளோடு போகலாம் என்று விட்டார்கள். கல்யாணம் ஒன்றுதான் குடும்பத்துக்கு வழி என்றில்லை, தேர்ந்தெடுத்த குடும்பமும் குடும்பம்தான் என்று நீதிபதிகள் எழுதினார்கள். எல்லாத் தாயும் லீலா சேத் மாதிரி இருக்க முடியாதே என்கிற ஆதங்கமும் அதில் இருந்தது. இந்தியாவில் ஒரு உயர் நீதிமன்றத்துக்கு முதல் பெண் தலைமை நீதிபதியாக இருந்தவர் அந்த அம்மா. தன்பால் உறவைக் குற்றமாக்கிய 377-வது சட்டப்பிரிவு செல்லும் என்று 2013-ல் தீர்ப்பு வந்தபோது, தன் மகனுக்காகப் பத்திரிகையில் பேர் போட்டு எழுதியவர். 2018 செப்டம்பர் 6-ல் அந்தப் பிரிவின் பிடி தளர்ந்தபோது அவர் உயிரோடு இல்லை.

நான் லீலா சேத் இல்லை. நீங்களும் அப்படி ஆக வேண்டியதில்லை. போனைத் திருப்பிக் கொடுத்தால் போதும். அவளுக்கு அந்தப் போனில்தான் பேச ஆள் இருக்கிறது. சாப்பிடாமல், தூங்காமல் இருக்கிறாள் என்றால் அதுதான் இப்போது பயப்பட வேண்டிய விஷயம். ராத்திரி எந்நேரமும் 14416-க்கு அடிக்கலாம், அரசு மனநல உதவி எண், காசு கிடையாது. உங்களுக்கே மனசு தாங்கவில்லை என்றாலும் அடியுங்கள். யாரையாவது நேரில் பார்த்துத்தான் ஆக வேண்டும் என்றால், உள்ளே போனதும் "என் பிள்ளையை மாத்த முடியுமா?" என்று கேளுங்கள். முடியும் என்று சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள்.

தை மாதம் பெண் பார்க்க வருகிறவர்களை வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். "இப்போ அவளுக்கு இஷ்டமில்ல" என்பது போதுமான காரணம். கட்டிக் கொடுத்தால் சரியாகிவிடும் என்று கொடுத்து, இன்னொரு வீட்டுப் பையன் வாழ்க்கையையும் சேர்த்துக் கெடுத்த வீடு நம் தெருவிலேயே இருந்தது. உங்களுக்கும் தெரியும்.

வயதான காலத்தில் அவளை யார் பார்ப்பார்கள் என்று கேட்டீர்கள். சுலபமான பதில் என்னிடம் இல்லை. இவர்கள் கல்யாணத்தைச் சட்டம் இன்னும் ஏற்கவில்லை, 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் நாடாளுமன்றம்தான் முடிவு செய்ய வேண்டும் என்று சொல்லிவிட்டது. என் மகனும் அவன் கூட இருக்கிற தம்பியும் வீடு தேடி அலைந்ததை நான் பார்த்தேன். கஷ்டம் இருக்கத்தான் செய்கிறது. அந்தக் கஷ்டத்தில் பிள்ளைக்குப் பெற்ற வீடும் இல்லாமல் போனால் என்ன ஆகும் என்பதை இரண்டு தீபாவளி பார்த்தவள் சொல்கிறேன்.

அண்ணனிடம் நீங்கள் இன்னும் சொல்லவில்லை என்றால், அவளைக் கேட்காமல் சொல்ல வேண்டாம். அது அவள் சொல்ல வேண்டியது, அவள் நேரம் பார்த்து. உங்களிடம் தன்னைப் பற்றிச் சொல்லச் சொன்னது என் மகன்தான். அவளுக்கு விருப்பம் என்றால் அவன் பேசுகிறேன் என்கிறான்.

ஞாயிற்றுக்கிழமை காலை பஸ்ஸில் வரலாம் என்று இருக்கிறேன். ஆனால் எனக்கு விஷயம் தெரியும் என்று அவளுக்குத் தெரியாது இல்லையா? முதலில் அதை அவளிடம் சொல்லிவிடுங்கள், பதற்றத்தில் அத்தையிடம் சொல்லிவிட்டேன் என்று. கோபப்பட்டால் படட்டும். அத்தை வரட்டும் என்று அவள் சொன்னால் எனக்குப் போன் போடுங்கள். வேண்டாம் என்றால் வரவில்லை.

உங்கள்
பழைய வளவு, மூன்றாம் வீட்டுக்காரி