கஹோகியா மரத் தேவாலயம்: இம்மாதப் பேசுபொருள்

மரபுக் கட்டடக் குழு உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

இம்மாதம் நாம் பேச எடுத்துக்கொண்டிருப்பது, அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில், மிசிசிப்பி ஆற்றுக்கு அப்பால் செயின்ட் லூயிஸ் நகரை ஒட்டியுள்ள கஹோகியாவின் (முன்பு தனிச் சிற்றூர்; 2021-இல் கஹோகியா ஹைட்ஸ் நகருடன் இணைந்தது) திருக்குடும்பத் தேவாலயம். கியூபெக்கிலிருந்து வந்த பிரெஞ்சு குருக்கள் 1699-இல் அங்கே பணித்தளம் அமைத்தனர். இப்போதுள்ள மரக் கட்டடம் 1799-இல் எழுந்தது.

அமெரிக்காவில் பரவலாக இருந்த மரக்கட்டை வீடுகளில் கட்டைகள் ஒன்றன்மேல் ஒன்றாகப் படுக்கைவாக்கில் அடுக்கப்பட்டிருக்கும். இங்கோ, சதுரமாகச் செதுக்கிய கருப்பு வால்நட் மரத்தூண்கள், மண்ணில் புதைக்கப்படாமல், அடித்தளத்தின் மேல் கிடத்திய உத்தரத்தில் வரிசையாக நிறுத்தப்பட்டு, இடைவெளிகள் கல்லாலும் சுண்ணாம்புச் சாந்தாலும் அடைக்கப்பட்டுள்ளன. மரம் ஈரமண்ணைத் தொடாததே இந்த முறையின் சிறப்பு. சுவர்கள் மேலே போகப் போகச் சற்றே உட்புறம் சாய்வதைப் படத்தில் கூர்ந்து பார்த்தால்தான் தெரியும். நெடுங்காலம் பலகைகளால் மூடப்பட்டிருந்த இச்சுவர்கள் 1949-ஆம் ஆண்டுச் சீரமைப்பின்போதுதான் வெளிப்பட்டன. என் பார்வையில், மூடியிருந்ததும் ஒருவகைப் பாதுகாப்பே.

அருகிலுள்ள பழைய நீதிமன்றமும் இதே முறையில் கட்டப்பட்டது. 1904-ஆம் ஆண்டு செயின்ட் லூயிஸ் உலகக் கண்காட்சிக்காகப் பிரித்தெடுக்கப்பட்ட அது, பின்னர் சிகாகோவுக்கும் போய், இறுதியில் பழைய இடத்திலேயே மீண்டும் எழுப்பப்பட்டது.

அங்கே சென்று வந்த உறுப்பினர்கள், தூணும் உத்தரமும் சேருமிடத்தின் அண்மைப் படங்கள் இருந்தால், ஞாயிறு மாலைக்குள் குழுவில் பகிருமாறு கேட்டுக்கொள்கிறோம்.