ஃப்ரீசரைத் திறந்து பார்

அன்புள்ள அம்முவுக்கு,

விலங்கின் செல்களைப் பெருக்கி வளர்ப்பு இறைச்சி செய்யும் ஆய்வகத்தில் சேர்ந்துவிட்டதாக நீ போனில் சொன்னதும் உன் அம்மா கேட்ட முதல் கேள்வி, "அது சைவமா, அசைவமா?" அசைவம்தான் என்று இப்போதைக்குச் சொல்லி வைத்திருக்கிறேன்.

நானும் இருபது வருஷம் செல் வளர்த்தவன்தானே, நோய்ப் பரிசோதனைக்காக. அதனால் உன் வேலையில் எது கஷ்டம் என்று கொஞ்சம் தெரியும். மாட்டுத் தசையில் ஒரு துணுக்கு எடுத்து, அதிலுள்ள தண்டு செல்களை, அதாவது பெருகித் தசையாக மாறக்கூடிய செல்களை, பிரித்து ஊட்டக் கரைசலில் விட்டால் அவை பெருகும், சரி. ஆனால் மாட்டின் உடம்புக்கு இருக்கிற எதிர்ப்புச் சக்தி உங்கள் தொட்டிக்குக் கிடையாதே. ஒரு பாக்டீரியா நுழைந்தால் போதும். மாலையில் இளஞ்சிவப்பாக விட்டுவந்த கரைசல் காலையில் மஞ்சளாகிக் கலங்கிக் கிடக்கும். எத்தனை குடுவைகளை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டுக் கொட்டியிருக்கிறேன்! என்னுடையது கையளவுக் குடுவை. நீங்கள் தொட்டி கணக்கில் கொட்ட வேண்டியிருக்கும்.

2013 ஆகஸ்டில் நெதர்லாந்தின் மாஸ்ட்ரிக்ட் பல்கலைக்கழகத்து விஞ்ஞானி மார்க் போஸ்ட், இப்படி வளர்த்த இறைச்சியில் செய்த முதல் பர்கரை லண்டனில் மேடையேற்றினார். அந்த ஒன்றுக்கு ஆன செலவு சுமார் 2,50,000 யூரோ. சாப்பிட்டவர்கள் கொழுப்பே இல்லை என்று குறைப்பட்டார்கள். அப்புறம் 2020-ல் சிங்கப்பூர் இப்படி வளர்த்த கோழி இறைச்சியை விற்க அனுமதி கொடுத்தது. 2023-ல் அமெரிக்கா சரி என்றது, அதே வருஷம் இத்தாலி தடை போட்டது. அது அரசாங்கங்கள் பாடு.

என்னை உறுத்துவது வேறு. போஸ்டின் செல்கள் வளர்ந்தது கன்றுக்கரு சீரம் கலந்த ஊட்டக் கரைசலில். சினைப்பசுவை அறுக்கும்போது வயிற்றுக்குள் இருக்கும் கன்றின் ரத்தத்திலிருந்து எடுப்பது அந்தச் சீரம். நானும் அதைத்தான் ஊற்றினேன். உறைந்த பாட்டிலை இளஞ்சூட்டு நீரில் வைத்தால் மெல்ல இளகித் தேன் நிறத்துக்கு வரும். எங்கிருந்து வருகிறது என்று பல வருஷம் நான் கேட்டதே இல்லை. தெரிந்த அன்று மதியம் சாப்பாடு இறங்கவில்லை. மறுநாள் வழக்கம்போல அதையே ஊற்றினேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

"மாட்டைக் கொல்லாமலே மாட்டிறைச்சிப்பா" என்று நீ அவ்வளவு சந்தோஷமாகச் சொன்னபோது அந்தப் பாட்டில்தான் கண்முன் வந்தது. சிங்கப்பூரில் முதலில் விற்ற கோழிக்கும் சீரம் வேண்டியிருந்தது. அது இல்லாமல் வளர்த்ததற்கு 2023-ல்தான் அங்கே அனுமதி கிடைத்தது.

உங்கள் ஆய்வகத்தில் எது, சீரம் உள்ளதா, இல்லாததா? யாரையும் கேட்காதே, ஃப்ரீசரைத் திறந்து நீயே லேபிளைப் படித்துவிட்டு எழுது. "நீங்க சாப்பிடுவீங்களாப்பா?" என்று கேட்டாயே, அதற்கு அப்புறம் பதில் சொல்கிறேன்.

அன்புடன்,
அப்பா