‘பேரபிள்’ என்றால் கரடியால் முடியுமா?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

தங்கள் நாளிதழின் மாணவர் பக்கத்தில் வாரம் ஒரு ஆங்கிலச் சொல்லை எடுத்து, ஐந்து வாக்கியங்களில் பயன்படுத்திக் காட்டுகிறீர்கள். சென்ற வாரச் சொல் ‘பேரபிள்’. முதல் வாக்கியத்துக்குத் தமிழாக, ‘வலி தாங்கக்கூடியதாக இருக்கிறது’ என்று போட்டிருந்தீர்கள். என் வீட்டுக்காரரிடம் வாசித்துக் காட்டினேன். “யாருக்கு வலி, வாசிக்கிறவனுக்கா?” என்றார். அவர் மின்வாரியத்தில் இருந்தவர், இலக்கணம் அவருக்கு ஒத்து வராது. ஆனாலும் கேட்ட கேள்வி சரிதான். தமிழில் வலிக்கிற எவரும் அப்படிச் சொல்வதில்லை.

அரசுப் பள்ளிகளில் 31 ஆண்டுகள் ஆங்கிலம் கற்பித்தவள் நான். இந்தச் சொல் என்னைப் படுத்திய பாடு கொஞ்சமல்ல. ஒன்பதாம் வகுப்பில் ஒரு பையன் இதைப் பிரித்துப் பொருள் எழுதினான்: ‘பேர்’ என்றால் கரடி, ‘ஏபிள்’ என்றால் முடியும், ஆகவே ‘கரடியால் முடியும்’. சிவப்பு மையால் அடிக்க மனம் வரவில்லை. பிரித்த முறையில் தவறே இல்லை, அவன் பிடித்த ‘பேர்’ தான் வேறு. இது சுமத்தல் என்ற பொருளுள்ள ‘பேர்’. சுமையைக் குறிக்கும் ‘பர்டன்’, பிறப்பைக் குறிக்கும் ‘பர்த்’ இரண்டும் இதன் உடன்பிறப்புகள். வடமொழி வழியாக நம்மிடம் வந்த ‘பாரம்’ கூட இதற்குத் தூரத்து உறவுதான். கரடிக்கும் இந்தக் குடும்பத்துக்கும் சம்பந்தமில்லை.

அடுத்த தொல்லை, எழுவாய். ‘ஐ ஆம் பேரபிள் திஸ் பெயின்’ என்று எழுதாத வகுப்பை நான் பார்த்ததில்லை. தாங்குகிறவரை எழுவாயாக்கினால் ‘ஐ கேன் பேர்’ என்று வினையாகத்தான் எழுத வேண்டும். ‘பேரபிள்’ என்ற அடைமொழி வலிக்கும் வெயிலுக்கும் காத்திருப்புக்கும் உரியது. ஆளுக்குப் போட்டால் வம்பு. நான் ஓய்வுபெற்ற நாளில் பிள்ளைகள் தந்த வாழ்த்து அட்டையில், ஒரு மாணவி, தீப்பெட்டி ஆபீசுக்குப் போகும் தாயின் மகள், பச்சை மையில் இப்படி எழுதியிருந்தாள்: ‘அவர் டீச்சர் இஸ் எ வெரி பேரபிள் லேடி.’ பொறுமைசாலி என்று சொல்ல நினைத்திருக்கிறாள். எழுதியதற்குப் பொருளோ, ‘எங்கள் டீச்சரை எப்படியோ சகித்துக்கொள்ளலாம்’ என்பது. அவள் தேடிய சொல் ‘ஃபார்பேரிங்’. பொறை என்ற ஒரே சொல்லில் நாம் சுமையையும் பொறுமையையும் வைத்திருக்கிறோம், அவள் அந்தப் பழக்கத்தில் எழுதிவிட்டாள் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். அட்டை இன்னும் பீரோவில் இருக்கிறது.

இனி என் குறைக்கு வருகிறேன். தங்கள் ஐந்து வாக்கியங்களும் ஒரே அச்சில் வார்த்தவை: வலி தாங்கக்கூடியது, வெயில் தாங்கக்கூடியது, சத்தம் தாங்கக்கூடியது. இந்தச் சொல் ஆங்கிலத்தில் பெரும்பாலும் ‘மேக்’ என்ற வினையோடு சேர்ந்துதான் உயிர் பெறுகிறது. கஷ்டம் ஒன்று, அதை லேசாக்கிய பொருளோ ஆளோ ஒன்று என இரண்டும் வாக்கியத்துக்குள் வர வேண்டும். ‘தி பிரீஸ் மேட் தி ஹீட் பேரபிள்.’ இதை ‘காற்று வெயிலைத் தாங்கக்கூடியதாக ஆக்கியது’ என்று பெயர்த்தால் பிள்ளைகள் கொட்டாவி விடுவார்கள். ‘காற்று வந்ததில் வெயில் தெரியவில்லை’ என்றால் தீர்ந்தது. கோவில்பட்டியிலிருந்து மதுரைக்குச் சுமார் 100 கிலோமீட்டர் பஸ்ஸில் நின்றுகொண்டே போய்விட்டு, ‘பேச்சுத் துணைக்கு ஆள் இருந்ததால் அலுப்பே தெரியவில்லை’ என்கிறோமே, அந்தத் ‘தெரியவில்லை’க்குள் ‘பேரபிள்’ உட்கார்ந்திருக்கிறது.

வகுப்பில் இதற்கு நான் வைத்திருந்த உதாரணம் சுமைதாங்கிக் கல். இரண்டு கல்லை நட்டு மேலே ஒரு கல்லைக் கிடத்தியிருப்பார்கள். தலைச்சுமையோடு வருகிறவர் பிறர் கைகொடுக்காமலே இறக்கி வைத்து, மூச்சு வாங்கிவிட்டு, மறுபடி ஏற்றிக்கொள்ளத் தோதான உயரம். பிள்ளையை வயிற்றில் சுமந்தபடியே இறந்துபோன பெண்களின் நினைவாக அதை நடுவது வழக்கம் என்று சொன்னால் வகுப்பு அமைதியாகிவிடும். பிறகு கரும்பலகையில் ‘தி ஸ்டோன் மேட் தி லோட் பேரபிள்’ என்று எழுதுவேன். ஒருவரும் மறந்ததில்லை.

இவ்வளவு தூரம் எழுதுவதற்குக் காரணம் வகுப்பறை மட்டுமல்ல. இரண்டு ஆண்டுகளுக்கு முன் என் அம்மா கீழே விழுந்து இடுப்பெலும்பு முறிந்து, ஒரு தனியார் மருத்துவமனையில் அறுவை சிகிச்சை ஆயிற்று. அப்போது அவருக்கு 84 வயது. அன்று மாலை வந்த இளம் மருத்துவருக்குத் தமிழ் தெரியாது. வலி ‘பேரபிள்’ தானா என்று கேட்டார். நர்ஸ் அம்மாவிடம் குனிந்து, “வலி தாங்க முடிகிறதா பாட்டி?” என்றார். அம்மா சொன்னது: “தாங்காமல் என்ன செய்ய, தாயி?” நர்ஸ் நிமிர்ந்து, “பேரபிள், டாக்டர்” என்றார். அவரும் அப்படியே குறித்துக்கொண்டு அடுத்த கட்டிலுக்குப் போனார்.

நானும் பக்கத்தில்தான் நின்றேன். எனக்கும் உறைக்கவில்லை. இரவு இரண்டு மணிக்கு விழித்துப் பார்த்தால், அம்மா சேலை முந்தானையைப் பல்லில் கடித்துக்கொண்டு கிடக்கிறார். ஏன் சொல்லவில்லை என்றதற்கு, “அந்தப் பிள்ளையிடம் சொன்னேனே” என்றார். மறுநாள் வயதில் மூத்த நர்ஸ் ஒருவர் வந்தார். சொந்த ஊர் விளாத்திகுளம் பக்கமாம். வலிக்குப் பத்துக்கு எத்தனை மார்க் என்றும் கேட்கவில்லை, தாங்க முடிகிறதா என்றும் கேட்கவில்லை. “நேற்றைக்கு இன்றைக்குத் தேவலையா?” என்றார். “இல்லை தாயி” என்று அம்மா உடனே சொல்லிவிட்டார். அதன் பிறகுதான் வலிக்கு ஊசி வந்தது.

மாணவர் பக்கத்தைத் தயாரிப்பவர், ‘தாங்கக்கூடிய’ என்பதற்குப் பக்கத்தில் ‘தேவலை’யையும் ‘தெரியவில்லை’யையும் சேர்த்து இந்தச் சொல்லை இன்னொரு முறை போட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். இதைப் படிக்கிற பிள்ளைகளில் நாளைக்கு நர்சாகப் போகிறவர்களும் இருப்பார்கள்.

அடுத்த வாரச் சொல் ‘டாலரபிள்’ என்று அறிவித்திருக்கிறீர்கள். அதற்குத் தாங்கத்தக்க என்பதோடு, சுமாரான என்ற பொருளும் உண்டு. மறக்காமல் அதையும் போடுங்கள். போடாவிட்டால், ‘டாலர்’ தனி, ‘ஏபிள்’ தனி என்று பிரித்து, ‘அமெரிக்கப் பணத்தால் முடியும்’ என்று எழுத ஒருவன் எங்காவது ஒன்பதாம் வகுப்பில் காத்திருப்பான்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆங்கில ஆசிரியை,
கோவில்பட்டி.