கையில் காசில்லாதவர்களுக்கான புரோசசர்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற வார ஞாயிறு மலரின் கணினிப் பக்கத்தில், விளையாட்டுகளுக்காகக் கணினி வாங்க நினைக்கும் வாசகர் ஒருவருக்குத் தங்கள் பத்தியாளர் பதில் எழுதியிருந்தார். இன்டெலும் என்விடியாவும் விளையாடத் தெரிந்தவர்களுக்கு, ஏஎம்டி கையில் காசில்லாதவர்களுக்கு என்பதே அதன் சாரம்; சாரம் மட்டுமன்று, ஏறத்தாழ முழுப் பதிலுமே அதுதான். (கணினியின் மூளையான புரோசசரில் போட்டி இன்டெலுக்கும் ஏஎம்டிக்கும்; திரையில் காட்சியை வரையும் கார்டில் என்விடியாவுக்கும் ஏஎம்டிக்கும்.) எந்த விளையாட்டு, எவ்வளவு பெரிய திரை, எந்த ஆண்டு வெளிவந்த கார்டு என்ற கேள்விகள் அவருக்கு எழவே இல்லை. மூன்று நிறுவனங்கள் பல ஆண்டுகளாக முட்டி மோதிக்கொண்டிருக்கும் ஒரு வழக்கை ஒரே வரியில் முடித்துவைத்த அவருடைய ஆற்றலை நான் வியக்காமல் இல்லை.

வியந்ததோடு விட்டிருப்பேன். மறுநாள் காலை, எங்கள் தாமானில் குடியிருக்கும் ஒரு பையன் அந்தப் பக்கத்தைக் கத்தரித்து எடுத்துக்கொண்டு என் கடைக்கு வந்து நின்றான். பாடாங் செராயில் நானும் என் மகனும் சிறியதொரு கணினி பழுதுபார்க்கும் கடை நடத்துகிறோம். பையனின் அப்பா செம்பனைக் குலை ஏற்றும் லாரி ஓட்டுகிறார். அவனிடம் இருந்தது 2017இல் வெளிவந்த ஏஎம்டியின் ரைசன் 5 1600 புரோசசர். அதை, அது அமர்ந்திருந்த போர்டோடு விற்றுவிட்டு, இன்டெல் புரோசசர், புதுப் போர்டு, புது ராம் (தற்காலிக நினைவகம்), என்விடியா கார்டு எல்லாம் வாங்க 3,000 வெள்ளிக்கு (ரிங்கிட்) மேல் கணக்குப் போட்டு, அம்மா கட்டிவந்த கூட்டுச் சீட்டுப் பணத்தையும் அதில் சேர்த்திருந்தான். (புரோசசரைச் 'செயலி' என்று எழுத எனக்கும் ஆசைதான், அப்படி எழுதினால் கடைக்கு வருகிறவர்கள் கைப்பேசியை நீட்டுகிறார்கள்.)

அவன் போர்டை நான் விற்க விடவில்லை. அதன் பயாஸை, அதாவது போர்டின் அடிப்படை மென்பொருளைப் புதுப்பித்து, புரோசசர் அமரும் அதே சாக்கெட்டில் ரைசன் 5 5600ஐ உட்கார வைத்து, கைமாறி வந்த ஏஎம்டியின் ஆர்எக்ஸ் 6600 கார்டு ஒன்றையும் பொருத்திக் கொடுத்தேன். செலவு 1,500 வெள்ளியைத் தாண்டவில்லை. 2017இல் வாங்கிய போர்டில், 2022இல் வந்த புரோசசர் ஏறும் என்ற செய்தி, கையில் காசில்லாத ஒருவருக்கு எத்தனை பெரிய செய்தி என்பதைத் தங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. தங்கள் பத்தியாளருக்கு யாராவது சொல்ல வேண்டும்.

அவன் முதலில் போட்டிருந்த கணக்கில் இன்னொரு பள்ளமும் இருந்தது. பணம் போதாவிட்டால் பழைய புரோசசரை அப்படியே வைத்துக்கொண்டு என்விடியா கார்டை மட்டும் வாங்குவதாக இருந்தான். டைரக்ட்எக்ஸ் 12 (விளையாட்டு கார்டோடு பேசும் முறை) விளையாட்டுகளில் என்விடியாவின் டிரைவர், அதாவது கார்டை இயக்கும் மென்பொருள், புரோசசரிடம் கூடுதலாக வேலை வாங்குகிறது என்பதையும், அதனால் பழைய புரோசசரோடு சேர்த்தால் என்விடியாவின் விலை கூடிய ஜிஃபோர்ஸ் கார்டு ஏஎம்டியின் விலை குறைந்த ரேடியானிடமே சில விளையாட்டுகளில் பின்தங்கிவிடுகிறது என்பதையும் 2021ஆம் ஆண்டிலேயே சோதித்துக் காட்டிவிட்டார்கள். பழைய டைரக்ட்எக்ஸ் 11 விளையாட்டுகளிலும் ஓப்பன்ஜிஎல் என்ற இன்னொரு முறையிலும் நிலைமை நேர்மாறாக இருந்தது. ரேடியான் டிரைவர்கள் அங்கே பல ஆண்டுகள் தடுமாறின. ஆக, எந்த நிறுவனம் வேகமானது என்ற கேள்விக்கு, உன் பெட்டிக்குள் இப்போது என்ன இருக்கிறது என்று திருப்பிக் கேட்காமல் பதில் சொல்ல முடியாது. எங்கள் கடையில் அதைத்தான் முதலில் கேட்கிறோம், பெட்டியைத் திறந்து பார்த்து. ஒற்றை ராம் மட்டும் செருகி விற்ற, தனிக் கார்டு இல்லாமலே படம் காட்டும் 5600ஜி புரோசசர் கணினிகள் எத்தனையோ வந்திருக்கின்றன. இன்னொரு ராமைச் சேர்த்த மாத்திரத்தில், 40 எஃப்பிஎஸ்ஸில் (நொடிக்கு 40 படச் சட்டகங்கள்) திணறிக்கொண்டிருந்த விளையாட்டு 60ஐ ஒட்டி ஓடுகிறது. அங்கே குற்றம் நிறுவனத்தின் மேலா, விற்றவரின் மேலா?

'காசில்லாதவர்கள்' என்ற சொல்லுக்கு வருகிறேன். இன்டெல் 1972இல் பினாங்குக்கு வந்தது. அதே காலக்கட்டத்தில் ஏஎம்டியும் வந்தது. 1983இல், பதினெட்டு வயதில், தோட்டத்து லைன் வீட்டிலிருந்து கிளம்பி, பட்டர்வொர்த்தில் ஃபெர்ரி ஏறி, பாயான் லெப்பாஸில் ஒரு மின்னணுத் தொழிற்சாலைக்கு வேலைக்குப் போனவள் நான். பாலம் திறக்க 1985 ஆயிற்று. சில்லில் பொருத்தும், முடியிழையைவிட மெல்லிய தங்கக் கம்பியை நுண்ணோக்கி வழியாகப் பார்த்துப் பார்த்தே என் தலைமுறைப் பெண்கள் பலர் இளவயதில் மூக்குக்கண்ணாடி போட்டார்கள். புரோசசரின் உலோக மூடியில் 'மலேசியா' என்று பொறித்திருப்பதை இன்டெலிலும் பார்த்திருக்கிறேன், ஏஎம்டியிலும் பார்த்திருக்கிறேன். இரண்டையும் கட்டியெழுப்பிய கைகளில் காசில்லாதவர்களின் கைகளே அதிகம். அவற்றில் ஒன்று மட்டும் எங்களுக்கானது என்று தெரிந்துகொள்ள நான் இத்தனை ஆண்டுகள் காத்திருக்க வேண்டியிருந்தது.

விலையைப் பற்றியே பேசுவோம். ஏஎம்டியின் 5800எக்ஸ்3டி புரோசசர் 2022 ஏப்ரலில் வந்தது. அதற்கு முந்தைய 5800எக்ஸில் இருந்த அதே எட்டு கோர்கள், அதாவது கணக்குப் போடும் பகுதிகள்தாம். கடிகார வேகம் சற்றுக் குறைவுகூட. பெரிதாக மாறியது புரோசசருக்குள்ளேயே இருக்கும் எல்3 கேஷ் நினைவகம் மட்டும், 32 எம்பி 96 எம்பி ஆயிற்று. விளையாட்டுக்கு வேண்டிய தரவு பக்கத்திலேயே கிடைத்ததால் ராமுக்கு ஓடும் ஓட்டம் குறைந்து, பல விளையாட்டுகளில் வேகம் எகிறியது. அடுத்த ஆண்டு வந்த 7800எக்ஸ்3டியின் விலை 449 அமெரிக்க டாலர். அதைவிட விலை கூடிய இன்டெல் 13900கேயோடு விளையாட்டுச் சோதனைகளில் சமமாகவும் பல இடங்களில் முந்தியும் நின்றது, அதுவும் மிகக் குறைந்த மின்சாரத்தில். காசில்லாதவர்கள் இதையெல்லாம் எப்படி வாங்குகிறார்கள் என்று பத்தியாளர்தான் விளக்க வேண்டும். 2024இல் இன்டெலின் 13ஆம், 14ஆம் தலைமுறைப் புரோசசர்கள் பலருக்கு விளையாட்டின் நடுவே நின்றுபோயின. அளவுக்கு மீறிய மின்னழுத்தம் காரணம் என்று அந்நிறுவனமே ஒப்புக்கொண்டு, மைக்ரோகோட் (புரோசசருக்குள் இயங்கும் நிரல்) திருத்தம் வெளியிட்டு, உத்தரவாதத்தையும் இரண்டாண்டு நீட்டியது. அந்தச் செய்திக்காக நான் தங்கள் கணினிப் பக்கத்தை வாரந்தோறும் புரட்டினேன். கைப்பேசி உறைகளின் நிறப் பொருத்தம் பற்றி நல்ல கட்டுரை ஒன்று வந்திருந்தது.

நான் ஏஎம்டிக்கு வக்காலத்து வாங்கவில்லை. ஒளியின் போக்கைக் கணக்கிட்டு நிழலையும் பிரதிபலிப்பையும் வரையும் ரே டிரேசிங் போட்டு விளையாடுகிறவருக்கு என்விடியாதான் என்று நானே சொல்லி அனுப்புகிறேன். என் மகன் முப்பரிமாணப் படம் செய்யும் பிளெண்டர் மென்பொருளில் வேலை செய்கிறான். அவன் மேசையில் இருப்பது ஜிஃபோர்ஸ். என்விடியாவின் ஆர்டிஎக்ஸ் 4060 கார்டு 115 வாட்டில் முடித்துவிடும் வேலைக்கு ஏஎம்டியின் ஆர்எக்ஸ் 7600க்கு 165 வாட் வேண்டியிருக்கிறது. தகரக் கூரை அறையில் உட்கார்ந்து விளையாடும் பையனுக்கு அந்த வெப்பமும் ஒரு கணக்குதான். பொய்யிலும் எவரும் எவருக்கும் இளைத்தவரல்லர். என்விடியாவின் ஜிடிஎக்ஸ் 970 கார்டில் இருந்த 4 ஜிபி நினைவகத்தில் கடைசி அரை ஜிபி மெதுவானது என்பது விற்பனைக்கு வந்து சில மாதங்கள் கழித்தே வெளியே தெரிந்தது. எட்டு கோர் என்று விற்ற புல்டோசர் புரோசசர்களுக்காக ஏஎம்டி அமெரிக்காவில் 1.21 கோடி டாலர் இழப்பீடு கொடுக்க இணங்கியது.

இதே பக்கம் முன்பொரு முறை ஏஎம்டியின் ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி கார்டை, பழைய கணினிக்கு மலிவான மறுவாழ்வு என்று பரிந்துரைத்ததைத் தாங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். அந்தக் கார்டு போர்டோடு பேசுவது நான்கே பிசிஐ வழிகளில். நினைவகமும் 4 ஜிபிதான். பிசிஐ மூன்றாம் தலைமுறையில் இருக்கும் பழைய போர்டில் அந்த நான்கு வழிகளின் கொள்ளளவும் பாதியாகிவிடுவதால், நினைவகம் நிரம்பியதும் விளையாட்டு விக்கி விக்கி ஓடும். அதாவது, எந்தக் கணினிக்கு அது ஆகாதோ அதற்கே பரிந்துரை. ஐந்து பேர் வாங்கிக்கொண்டு வந்து என் கடை வாசலில் நின்றார்கள். அப்போதும் தங்களுக்கு இரண்டு பக்கக் கடிதம் எழுதினேன். 'தங்கள் கணினிப் பக்கத்தைத் தவறாமல் படித்து வருகிறேன்' என்ற முதல் வரி மட்டும் என் பெயரோடு பிரசுரமாயிற்று.

இப்போது கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. எந்தக் கார்டையோ புரோசசரையோ வேகமானது என்று எழுதும்போதும், எந்த விளையாட்டில், எந்தத் திரை அளவில், எந்தப் புரோசசரோடு சேர்த்து, அந்த வாரம் கடையில் என்ன வெள்ளிக்கு என்ற நான்கு விவரங்களை அடியில் ஒரு சிறு கட்டத்தில் போடுங்கள். இட நெருக்கடியால் இக்கடிதத்தையும் சுருக்க நேர்ந்தால், வணக்கத்தை எடுத்துவிட்டு இந்தப் பத்தியை விட்டுவையுங்கள்.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகி,
பாடாங் செராய், கெடா.