விதைக்கு நிற்கும் சேவல்

ஈசூன், சிங்கப்பூர்
செப்டம்பர்

அன்புள்ள கயல்விழிக்கு,

கென்டக்கியில் உங்கள் போர்பன் ரெட் வான்கோழிகள் நலமாக வளர்வது அறிந்து அப்பாவும் நானும் மகிழ்ந்தோம். ஆனால், நவம்பர் இறுதியில் அங்கே வான்கோழி விருந்தோடு கொண்டாடும் நன்றி நவிலும் நாளுக்கு முன் பருத்த சேவல்களையெல்லாம் விற்றுவிட்டு, எஞ்சியவற்றை அடுத்த ஆண்டு முட்டைக்கு வைத்துக்கொள்ளப் போவதாக மாப்பிள்ளை சொன்னதைக் கேட்ட பிறகே இதை எழுத உட்கார்ந்தேன். விதைநெல்லை ஒதுக்கிய பிறகுதான் மீதியை அளந்து விற்பார்கள். நீங்கள் செய்யவிருப்பது அதற்கு நேர்மாறானது.

கோழி வளர்க்க அனுமதியே இல்லாத வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீட்டிலிருந்து அறிவுரை சொல்கிறேன் என்று நீ சிரிப்பாய். சிரித்துக்கொள். செம்பவாங் கம்பத்தில் (கிராமத்தில்) உன் பாட்டி எந்தச் சேவலை அறுப்பது, எந்தச் சேவலை விதைக்கு நிறுத்துவது என்று முடிவு செய்ததைப் பார்த்து வளர்ந்தவள் நான்.

இங்கே டிசம்பரில் பேரங்காடிகளுக்கு வரும் உறைந்த வான்கோழி பெரும்பாலும் அகன்ற மார்புடைய வெள்ளை இனத்தைச் சேர்ந்தது. மார்புச் சதைக்காகவே பெருக்கப்பட்டதால் அதன் சேவலால் இயல்பாக இணைசேர முடிவதில்லை. செயற்கைக் கருவூட்டலால்தான் அந்த இனம் தொடர்கிறது. உங்கள் போர்பன் ரெட் போன்ற பாரம்பரிய இனம் என்றால் இயல்பாக இணைசேர வேண்டும். பெட்டை 5 முதல் 7 ஆண்டுகளும் சேவல் 3 முதல் 5 ஆண்டுகளும் இனவிருத்திக்குப் பயன்பட வேண்டும். ஏறத்தாழ 28 வாரங்களில் மெதுவாக எடை கூட வேண்டும். 1997ஆம் ஆண்டு அமெரிக்காவில் எடுத்த கணக்கில் இத்தகைய இனங்களில் இனவிருத்திக்கு இருந்தவை மொத்தம் 1,335 மட்டுமே. அவ்வளவு குறுகிப்போன கூட்டத்தின் வழிவந்தவற்றில் நல்லதைத் தின்னக் கொடுத்துவிட்டு நோஞ்சானைப் பெருக்கினால், சில ஆண்டுகளில் பெயர் மட்டும் போர்பன் ரெட் என்று நிற்கும்.

ஆகவே நவம்பரில் விற்பதற்கு முன் ஒவ்வொன்றையும் கையில் தூக்கிப் பாருங்கள். மார்பெலும்பு கோணாமல் நேராக இருக்கிறதா, கால்கள் அகன்று உறுதியாக ஊன்றுகின்றனவா, நடையில் தளர்ச்சி உண்டா என்பவற்றையெல்லாம் பார்த்த பிறகே தராசுக்குப் போகலாம். இளஞ்சேவலுக்கு 10 கிலோவும் பெட்டைக்கு 6 கிலோவும் இந்த இனத்துக்கு நிறைவான எடை. எடை மிகுந்த சேவல் என்பதற்காகக் கால் கோணியதை நிறுத்திவிடாதே. இணைசேரும்போது பெட்டையின் முதுகில் ஏறி நிற்பது அந்தக் கால்களே. ஐந்தாறு பெட்டைகளுக்கு ஒரு சேவல் போதும் என்றாலும், வேறு தாய்க்குப் பிறந்த இன்னொன்றையும் நிறுத்து. ஒரே சேவல் இருந்து அதை நரி தூக்கிப் போனால் அந்த ஆண்டே வீணாகும். ஒரே இரத்தத்தில் திரும்பத் திரும்பச் சேர்த்தால் முட்டை பொரிப்பது குறையும். காலில் எண் வளையம் மாட்டி, எது எதன் குஞ்சு என்று ஒரு நோட்டில் எழுதி வை.

நாட்டுக்கோழிகளையும் அதே தொழுவில் விடலாமா என்று கேட்டிருந்தாய். வேண்டவே வேண்டாம். பிளாக்ஹெட் நோயின் கிருமி கோழியின் குடற்புழு முட்டைக்குள் ஒளிந்து மண்ணில் நெடுங்காலம் கிடக்கும்; கோழிக்குப் பெரிதாக ஒன்றும் செய்யாது, வான்கோழியின் ஈரலைத் தின்றுவிடும். அமெரிக்காவில் இதற்கென இருந்த மருந்தும் 2015க்குப் பிறகு சந்தையில் இல்லை. முன்பு கோழி மேய்ந்த நிலத்திலும் விடாதே.

இங்கே ஆண்டு முழுவதும் பகலும் இரவும் ஏறக்குறைய 12 மணி நேரம்தான். அங்கே வசந்தத்தில் பகல் நீளும்போதுதான் பெட்டை முட்டையிடத் தொடங்கும். அடைகாக்க 28 நாள், எடை கூட 28 வாரம் என்று நவம்பர் விற்பனையிலிருந்து பின்னோக்கிக் கணக்கிட்டால், குஞ்சுகள் மே மாத நடுவுக்குள் பொரித்தாக வேண்டும். அதற்குள் சேவலும் பெட்டைகளும் ஒன்றாகப் பழகியிருக்க வேண்டும் என்பதால், தேர்வைத் தள்ளிப்போட இடமில்லை.

எந்தச் சேவல்களை நிறுத்தப் போகிறாய் என்பதை மாப்பிள்ளையோடு கலந்து பேசி, அவற்றின் வளைய எண்ணையும் எடையையும் எனக்கு எழுது. விலை பேசி முன்பணம் வாங்கிய சேவல் அந்தப் பட்டியலில் இருந்தால், வாங்குபவரிடம் வேறொன்றை எடுத்துக்கொள்ளும்படி இப்போதே கேட்டுவிடு.

அன்புடன்,
அம்மா