யோபுவின் மனைவிக்காக ஒரு வார்த்தை

பாளையங்கோட்டை

அன்பு மகனுக்கு,

அம்மா எழுதுகிறேன். போனில் நீயும் அழுகிறாய், நானும் அழுகிறேன், பேச்சு ஓடமாட்டேன் என்கிறது. அதனால் எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

"எட்டு மாதம் சுமந்த பிள்ளையை ஆண்டவர் ஏன் இப்படி எடுத்துக்கொண்டார் என்று உங்கள் மருமகள் கேட்கிறாள், நான் என்ன பதில் சொல்லட்டும்" என்று கேட்டாய். எய்யா, பதில் சொல்லாதே. உனக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. எல்லாப் பரிசோதனையும் செய்து பார்த்த டாக்டரே காரணம் தெரியவில்லை என்று நேர்மையாகச் சொல்லிவிட்டார். உங்கள் ஜெபக்குழுவிலிருந்து வந்த இரண்டு பேருக்கு மட்டும் காரணம் கையோடு இருந்திருக்கிறது. குடும்பத்தில் ஏதோ சாபம், விசுவாசக் குறைவு, மூன்று நாள் உபவாசம் எடுங்கள். பிரசவ வார்டிலிருந்து வெறுங்கையோடு திரும்பியவளிடம் பேசுகிற பேச்சா இது? கேட்டதிலிருந்து எனக்கு மனசு ஆறவில்லை.

சீஷர்களே இப்படித்தான் கேட்டார்கள். பிறவிக் குருடனைக் காட்டி, "இவன் செய்த பாவமோ, இவனைப் பெற்றவர்கள் செய்த பாவமோ" என்றார்கள். இரண்டும் இல்லை என்று இயேசு சொல்லிவிட்டார். சீலோவாமில் கோபுரம் விழுந்து 18 பேர் செத்ததைப் பற்றிப் பேசும்போதும், எருசலேமில் இருந்த மற்றவர்களைவிட அவர்கள் பாவிகள் என்று நினைக்காதீர்கள் என்றார். 2004இல் கிறிஸ்துமஸுக்கு மறுநாள், ஞாயிற்றுக்கிழமை காலையில், குளச்சலிலும் கொட்டில்பாட்டிலும் மணக்குடியிலும் கடல் ஏறி ஜனங்களை வாரிக்கொண்டு போனதே, அப்போதும் நியாயத்தீர்ப்பு என்று பேசினவர்கள் உண்டு. எங்கேயோ சுமத்ரா பக்கம் கடலுக்கடியில் நிலத்தட்டு நழுவியதற்கும் கொட்டில்பாட்டுக் குழந்தை செய்த பாவத்துக்கும் என்ன சம்பந்தம்?

விசுவாசக் குறைவு என்பதற்கும் ஒன்று சொல்கிறேன். சின்ன வயதில் உன்னை டோனாவூருக்குக் கூட்டிப்போனோம். அங்கே மிஷனரியாக இருந்த ஏமி கார்மைக்கேல் அம்மா 1931இல் தவறி விழுந்தார். அதற்குப் பிறகு 1951இல் இறக்கும்வரை பெரும்பாலும் ஒரே அறைக்குள்தான் இருந்தார். அத்தனை பிள்ளைகளைக் காப்பாற்றி வளர்த்தவர். அந்தப் பிள்ளைகளும் ஜெபிக்காமலா இருந்திருப்பார்கள்? குணமாகவில்லை. அவருக்கே விசுவாசம் போதவில்லை என்றால் இந்த ஜில்லாவில் யாருக்குப் போதும்?

மனிதனுக்குச் சுயசித்தம் கொடுத்திருக்கிறார், அதனால்தான் தீமை என்பார்கள். யுத்தத்துக்கும் கொலைக்கும் அது சரி, ஒத்துக்கொள்கிறேன். வயிற்றுக்குள் ஒரு இதயம் நின்றுபோனதற்கு யாருடைய சித்தத்தைக் குற்றம் சொல்ல? பாடுகள் நம்மைப் புடமிடும் என்பதும் வேதத்தில் இருப்பதுதான். ஆனால் அதை அவரவர் தன் பாட்டைத் திரும்பிப் பார்த்துச் சொல்லிக்கொள்ளலாம். அடுத்தவருடைய பிள்ளையின் பெட்டிக்குப் பக்கத்தில் நின்று சொல்லக்கூடாது.

சொத்தையும் பிள்ளைகளையும் ஒரே நாளில் இழந்த யோபுவின் புத்தகத்தை வேதத்தில் திரும்ப எடுத்துப் படித்துக்கொண்டிருக்கிறேன். அவனுடைய சிநேகிதர்கள் மூன்று பேரும் முதலில் நன்றாகத்தான் நடந்துகொண்டார்கள். ஏழு நாள் இரவும் பகலும் அவனோடு தரையில் உட்கார்ந்து ஒரு வார்த்தை பேசவில்லை. வாயைத் திறந்த பிறகுதான் எல்லாம் கெட்டது. ஆண்டவருக்கு வக்கீலாக நின்று அத்தனை அதிகாரம் வாதாடினவர்களிடம் கடைசியில் ஆண்டவரே, யோபு பேசினதுபோல நீங்கள் என்னைக்குறித்து நிதானமாய்ப் பேசவில்லை என்கிறார். பிறந்த நாளைச் சபித்து, நேருக்கு நேர் வழக்குப் பேசினவன் பக்கம்தான் அவர் நின்றார். அப்புறம் இன்னொன்று. யோபுவைச் சோதிக்கச் சாத்தான் பரலோகத்தில் ஆண்டவரிடம் அனுமதி வாங்கினான் என்று படிக்கிற நமக்குத் தெரியும். யோபுவுக்கு அது கடைசிவரை சொல்லப்படவே இல்லை.

அவன் மனைவியைப் பற்றியும் சொல்ல வேண்டும். "தேவனைத் தூஷித்து ஜீவனை விடும்" என்ற ஒரு வரிக்காக எல்லாப் பிரசங்கத்திலும் அவளுக்கு அடிதான். செத்த பத்துப் பிள்ளைகளையும் பெற்றவள் அவள் என்று பிரசங்க பீடத்தில் யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. முடிவில் ஆடும் ஒட்டகமும் மாடும் கழுதையும் இரட்டிப்பாகத் திரும்பி வருகின்றன. பிள்ளைகள் மட்டும் இரட்டிப்பாகவில்லை, முன்போலவே ஏழு மகன், மூன்று மகள். பிறகு வந்த பத்துப் பேர் முதல் பத்துப் பேருக்கு ஈடாக மாட்டார்கள் என்று எழுதினவருக்குத் தெரிந்திருக்கும் என்றே எனக்குத் தோன்றுகிறது. அதனால், "அடுத்த வருஷம் இன்னொரு பிள்ளை வரும்" என்று யாராவது அவளிடம் சொல்ல வந்தால் நீ பேச்சை மாற்றிவிடு.

அவள் கோயிலுக்கு வரமாட்டேன் என்கிறாள், வேதத்தைத் தொடவில்லை, அவள் விசுவாசம் போய்விடுமோ என்று பயப்படுகிறாய். 88ஆம் சங்கீதத்தைப் படித்துப் பார். கடைசி வரிவரைக்கும் புலம்பல்தான். ஆனாலும் உம்மைத் துதிப்பேன் என்று ஒரு இடத்திலும் திரும்பாது. அதையும் ஜெபம் என்றுதான் வேதத்தில் சேர்த்து வைத்திருக்கிறார்கள். அவள் கோபப்படுவதும் ஆண்டவரிடம்தானே? மார்த்தாளும் மரியாளும் ஒரே குறையைத்தான் சொன்னார்கள்: நீர் இங்கே இருந்திருந்தால் என் சகோதரன் மரித்திருக்கமாட்டான். இயேசு அவர்களை அதட்டவில்லை. அந்தச் சகோதரன் லாசருவை உயிரோடு எழுப்பப்போகிறோம் என்று தெரிந்தும் கண்ணீர் விட்டார்.

சகலமும் நன்மைக்கேதுவாக நடக்கும் என்று ரோமர் 8:28ஐக் காட்டுவார்கள். கொஞ்சம் மேலேயிருந்து படிக்கச் சொல். 22ஆம் வசனத்தில் சிருஷ்டி முழுவதும் பிரசவவேதனைப்படுகிறது. 26இல் ஆவியானவரே வாக்குக்கடங்காத பெருமூச்சு விடுகிறார். நமக்கு ஜெபிக்க வார்த்தை வராதபோது அவர் நமக்காகப் பெருமூச்சு விடுகிறார் என்பதுதான் இப்போது எனக்குப் பிடிமானம்.

ஏன் அனுமதித்தார் என்று நான் அவரிடம் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன். சிலுவையில் தொங்கினவரும் "ஏன் என்னைக் கைவிட்டீர்" என்றுதான் கேட்டார், அதனால் கேட்பதற்கு எனக்குப் பயமில்லை. உயிர்த்தெழுந்த பிறகும் அவர் கையில் ஆணிக் காயம் இருந்தது, தோமாவிடம் காட்டினார். உயிர்த்தெழுதலே அதை அழிக்கவில்லையே. நம் பிள்ளையை மறந்தால்தான் விசுவாசம் என்று யாரும் உங்களிடம் கேட்க முடியாது.

சரி, இப்போது செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். அவளுக்குப் பால் கட்டும். பிள்ளை இல்லை என்று உடம்புக்குத் தெரியாது. ரொம்ப வலிக்கும், மனசும் சேர்ந்து நோகும். காய்ச்சலோ சிவப்போ கண்டால் உடனே டாக்டரிடம் கூட்டிப்போ. தொட்டிலையும் சின்னச் சட்டைகளையும் அவளைக் கேட்காமல் எடுத்து ஒளிக்காதே. பிள்ளைக்கு நீங்கள் யோசித்து வைத்திருந்த பெயரை, அவளுக்குச் சம்மதம் என்றால் எழுது. எங்கள் குடும்ப ஜெபத்தில் பெயரைச் சொல்ல அப்பாவுக்கு ஆசை. நீயும் அழு. அவளுக்கு முன்னால் தைரியசாலி வேஷம் போட வேண்டாம்.

விசாவுக்கு அப்பா பேசியிருக்கிறார். கிடைத்ததும் நான் வந்து இரண்டு மாதம் சமையலைப் பார்த்துக்கொள்கிறேன். அவள் பேசினால் கேட்பேன், பேசாவிட்டால் சும்மா இருப்பேன். அதற்குள் அந்த ஜெபக்குழுக்காரர்கள் மறுபடி வருகிறோம் என்று போன் செய்தால், அம்மாவைக் கேட்க வேண்டும் என்று சொல்லி என் நம்பரைக் கொடுத்துவிடு. அவர்களிடம் நான் பேசிக்கொள்கிறேன்.

அன்புடன்,
அம்மா