சதுப்பு நிலத்தின் ஓரத்தில் கழிவுநீர் நிலையம் வேண்டாம்

திட்ட அனுமதிக் குழுவின் மதிப்பிற்குரிய உறுப்பினர்களுக்கு,

வணக்கம். நகருக்குள் இயங்கிவரும் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையத்தை அகற்றி, பாதுகாக்கப்பட்ட சதுப்பு நிலத்தின் எல்லையை ஒட்டிப் புதிதாகக் கட்டும் திட்டத்துக்கு அனுமதி அளிக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்ளவே இம்மடலை எழுதுகிறேன்.

சுத்திகரித்த நீரைத்தானே விடப்போகிறோம் என்பது திட்டத்துக்கு ஆதரவாகச் சொல்லப்படும் முதல் வாதம். குவளையில் பிடித்துப் பார்த்தால் அந்த நீர் தெளிவாகத்தான் இருக்கும். அதில் கரைந்து, பாசிக்கு உரமாகும் பாஸ்பரஸும் நைட்ரஜனும் கண்ணுக்குத் தெரியாது. அமெரிக்காவின் சியாட்டில் நகரை ஒட்டிய வாஷிங்டன் ஏரியில் 1950களில் கலந்ததும் பெரும்பாலும் சுத்திகரித்த நீரே. 1955இல் அங்கே நீலப்பச்சைப் பாசி பெருகத் தொடங்கியதைக் கண்ட ஏரியியல் அறிஞர் எட்மண்ட்சன், அதற்குக் காரணம் பாஸ்பரஸ் என்று எடுத்துரைத்தார். 1963 முதல் 1968 வரை கழிவுநீரைப் படிப்படியாக வேறு வழியில் திருப்பிவிட்ட பிறகே ஏரி தெளிந்தது. அது ஆழமான ஏரி என்பதால் தேறிக்கொண்டது. முழங்கால் அளவே நீர் நிற்கும் சதுப்பு நிலம் அப்படித் தேறும் என்று நம்ப எனக்குத் துணிவில்லை.

புளோரிடாவின் எவர்கிளேட்ஸ் சதுப்பு நிலத்துக்கு வகுக்கப்பட்ட பாஸ்பரஸ் வரம்பு லிட்டருக்கு 10 மைக்ரோகிராம். எளிதில் பாதிக்கப்படும் நீர்நிலைகளில் கழிவுநீரை விடும் பெருநகரங்களுக்கு ஐரோப்பிய நெறிமுறை 1991இல் விதித்த வரம்போ லிட்டருக்கு 1 மில்லிகிராம், அதாவது நூறு மடங்கு. ஆகவே ஒரு நிலையம் விதிமுறையைக் கடுகளவும் மீறாமல் இயங்கினாலும், அருகிலுள்ள சதுப்பு நிலம் சீரழியக்கூடும். எவர்கிளேட்ஸில் பாஸ்பரஸ் மிகுந்த இடங்களில், அம்மண்ணுக்கே உரிய கோரையை நெருக்கித் தள்ளிவிட்டுச் சம்புப் புல் அடர்ந்தது.

காலை வெயிலில் நம் சதுப்பு நிலத்தின் கரையில் குனிந்து பார்த்தால், கோரைத் தண்டுகளுக்கிடையே தும்பியின் குஞ்சுகள் ஊர்வது அடிமண் வரை தெரிகிறது. பாசி மூடிவிட்டால் அந்த ஆழத்துக்கு வெளிச்சம் இறங்காது.

இவையெல்லாம் நிலையம் ஒழுங்காக இயங்கும் நாள்களின் கதை. கனமழையில் கொள்ளளவுக்கு மேல் நீர் வரும்போது அரைகுறையாகச் சுத்திகரித்ததையோ, சற்றும் சுத்திகரிக்காததையோ அப்படியே வெளியேற்றுவது உலகெங்கும் நடப்பதுதான். அன்றைக்கு அந்த நீர் முதலில் போய்ச் சேரும் இடம் எது என்பதை வரைபடத்தில் பார்த்தாலே விளங்கும். இரவெல்லாம் எரியும் விளக்குகளும், கசடு ஏற்றிச் செல்லும் லாரிகளும், அழுகிய முட்டை நாற்றமும் தனி.

இடப்பற்றாக்குறைதான் காரணம் என்றால், நுண்துளைச் சவ்வால் கசடைப் பிரிக்கும் சவ்வு வடிகட்டி முறையில், கசடு அடியில் படிவதற்காக இடத்தை அடைக்கும் இரண்டாம்கட்டப் படிவுத் தொட்டிகள் தேவையில்லை. பழைய வளாகத்திலேயே கொள்ளளவைக் கூட்ட வழியுண்டு. அந்த மாற்றை முழுமையாக ஆராய்ந்து, செலவுக் கணக்கோடு மக்கள் பார்வைக்கு வைக்கும்வரை இக்கோப்பில் கையெழுத்திட வேண்டாம் என்று பணிவுடன் வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
சதுப்பு நிலத்தின் அருகில் வசிக்கும் குடிமகள்